சாண எரிவாயுவைக் கழுவ: தட்டுக் கோபுரமா, நிரப்பல் கோபுரமா?

ஒட்டுசுட்டான் பட்டிக்காரன்:
பட்டி மாடுகளின் சாணத்தில் நாளொன்றுக்கு இரண்டு கனமீற்றர் வாயு கிடைக்கிறது. அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டு ஜெனரேட்டரை அரிக்கிறது. ஆறு அங்குல எஸ்லோன் (பிவிசி) குழாயை நிமிர்த்தி, மேலிருந்து தண்ணீரும் கீழிருந்து வாயுவும் விடப்போகிறேன். உள்ளே துளைத் தட்டு அடுக்குவதா, சல்லிக்கல் கொட்டுவதா?

பழைய ஆலைக்காரர்:
தம்பி, இந்த விட்டத்துக்குத் தட்டு வேண்டாம். தட்டின் மேல் தண்ணீரைத் தாங்குவதே கீழிருந்து ஏறும் வாயுவின் வேகம்தான். உங்கள் வாயு மெதுவாக வரும். தண்ணீர் துளை வழியே ஒழுகிவிடும். சல்லி பாரம், இடைவெளியும் குறைவு. அரை அங்குலத்தைத் தாண்டாத குழாயைத் தன் விட்டமளவு துண்டுகளாக வெட்டிக் கொட்டினால் போதும்; அதுதான் நிரப்பல். துண்டு பெரிதானால் தண்ணீர் நடுப்பகுதியை நனைக்காமல் சுவரோரமாக இறங்கிவிடும்.

ஆனால் குழாய் வாங்குமுன் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். தட்டோ நிரப்பலோ, இரண்டும் வாயுவும் நீரும் தொடும் பரப்பைத்தான் கூட்டும்; கரைதிறனைக் கூட்டாது. 30 பாகையில் ஒரு லீற்றர் வாயுவில் இருக்கும் ஐதரசன் சல்பைட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கைத்தான் ஒரு லீற்றர் தண்ணீர் ஏற்கும். பனையளவு கோபுரம் கட்டினாலும் ஒரு கனமீற்றர் வாயுவுக்கு 500 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும். நடைமுறையில் அதில் ஒன்றரை மடங்கு. உங்களுக்கு நாளுக்கு 1500 லீற்றர்! ஆவணி வெயிலில் தாங்கித் தண்ணீர் சுட்டால் இன்னும் கூடும். கிணறு வற்றும் காலத்தில் மாட்டுக்கு வைக்க வேண்டிய தண்ணீர் அது.

மாங்குளத்தான்:
தண்ணீரில் காஸ்டிக் சோடா கரைத்தால் குறையாதா, ஐயா?

பழைய ஆலைக்காரர்:
குறையும். ஆனையிறவு உப்பில் பரந்தன் இரசாயன ஆலையில் காஸ்டிக் எடுத்த ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாண வாயுவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் காபனீரொட்சைட்டு. காஸ்டிக்கை முதலில் அதுவே தின்று தீர்த்துவிடும். கட்டுப்படியாகாது.

தண்ணீரில் கழுவுவதை விடுங்கள். லேத் பட்டறை இரும்புச் சீவலை நனைத்துத் துருப்பிடிக்க விட்டு, அதே குழாயில் தளர்வாக நிரப்புங்கள். துரு ஐதரசன் சல்பைட்டைப் பிடித்து இரும்புச் சல்பைட்டாகும். பழைய சீவலை வெளியே எடுக்கும்போது நனைத்து, வெட்டவெளியில் மெல்லிதாகப் பரப்புங்கள்; காற்றுப் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கொட்டிலுக்குள் வேண்டவே வேண்டாம்.

ஒட்டுசுட்டான் பட்டிக்காரன்:
சீவல் தீர்ந்ததை எப்படி அறிவது?

பழைய ஆலைக்காரர்:
குழாயில் கண்ணாடித் துண்டொன்று பொருத்துங்கள். வாயு நுழையும் பக்கத்திலிருந்து செந்துரு கறுத்துக்கொண்டு வரும். முக்கால்வாசி கறுத்ததும் மாற்றிவிடுங்கள்.