முந்திரித்தோப்பு வெந்நீர்த் தொட்டியும் கறுத்துப்போன கொலுசும்

குறிஞ்சிப்பாடி:
வடலூர் தாண்டி முந்திரித்தோப்புக்குள்ள ஒரு மோட்டார் கொட்டகை. ஆழ்போர். அடியில இருந்தே வெதுவெதுப்பா வர்ற தண்ணி. மார்கழி விடியக்காலை, மோட்டார் போட்டதும் குழாய் வாயில ஆவி. தொட்டியில இறங்கின ஒரு சின்னப் பொண்ணு ஏறி வந்தப்ப வெள்ளிக் கொலுசு பழுப்பேறி இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள முழுக்கக் கறுப்பு. தொட்டி ஓரமெல்லாம் செங்காவி, லேசா அழுகின முட்டை வாடை. கந்தகத் தண்ணி, சொறி சிரங்கு போகும்னு ஊர்ல சொல்றாங்க. அந்தக் கொலுசுதான் கண்ணுலயே நிக்குது. வேற யாராவது பார்த்திருக்கீங்களா?

நெய்வேலி:
அண்ணே, செங்காவி வேற, வாடை வேற, சூடு வேற. மூணையும் ஒண்ணாக் கட்டாதீங்க.

சூட்டுக்குக் கந்தகம் தேவையில்ல. பூமிக்குள்ள 100 மீட்டர் இறங்கினா சுமார் 3 டிகிரி ஏறும். மேல் தண்ணி 28 டிகிரின்னா 300 மீட்டர் போர்ல 37 வரும், அவ்வளவுதான். கடலூர் மணற்கல் அடுக்குல தண்ணி அழுத்தத்தோட நிக்குது. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணத்துல தண்ணியோட கறுப்புத் தூள் வந்ததுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கே முதல் தடயம். இன்னைக்கும் சுரங்கத்துல அந்த அழுத்தத்தை இறைச்சுக் குறைக்கலேன்னா தரையே பொங்கிடும்.

செங்காவி இரும்பு. நிறமில்லாத பாட்டில்ல பிடிச்சுத் திறந்து வைங்க; பிடிச்சப்ப கண்ணாடி மாதிரி இருக்கும், காத்து பட்டதும் மெல்ல மஞ்சளாக் கலங்கும். கொலுசைக் கறுக்க வெச்சது ஹைட்ரஜன் சல்பைடு, அந்த முட்டை வாடை வாயு. அது ரெண்டு வழியா வரும். பல நாள் ஓடாம கிடந்த போர்ல, குழாய்க்குள்ள தேங்கின தண்ணியில கிருமி வளர்ந்து உண்டாக்கும். அப்படின்னா அரை மணி ஓடவிட்டா வாடை போயிடும். ஓடஓட வாடை மாறாம இருந்தா அடியில இருந்தே வருது. இதைப் பார்க்காம "கந்தகக் குளியல்"னு பேர் வைக்கிறது தப்பு.

பாகூர்:
கொலுசு இருக்கட்டும். குழந்தையை இறக்குறதுக்கு முன்னாடி தொட்டியப் பாருங்க. நேத்து நிரப்பின தண்ணி வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பாத் தேங்கின நன்னீர்ல மூளையத் தின்னும் அமீபா வளரும். குடிச்சா ஒண்ணும் ஆகாது, மூக்கு வழியா ஏறினாத்தான் ஆபத்து. அதனால தொட்டியக் காலி பண்ணி, பாசியைத் தேங்காநார் போட்டுத் தேய்ச்சு, புதுத் தண்ணி விடுங்க. தலைய முக்க வேண்டாம். குழாய் வாய்க்கு நேரா உச்சந்தலையக் காட்டாதீங்க, ஏழரை எச்.பி. மோட்டார் தள்ளுற தண்ணி கழுத்தை ஒடிச்ச மாதிரி அடிக்கும். தோளைக் காட்டுங்க.

சர்க்கரை உள்ளவங்களுக்குப் பாதம் மரத்திருக்கும், சூடு தெரியாது. முழங்கைய விட்டுப் பார்த்துட்டு இறங்கணும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க 10 நிமிஷத்துக்கு மேல உட்கார வேண்டாம். எழுந்திருக்கும்போது முதல்ல தொட்டி விளிம்புல உட்கார்ந்து, அப்புறம் நிக்கணும். சட்டுனு நின்னா மயக்கம் வரும், கீழ சிமெண்டுத் தரை. எல்லாத்தையும் விட முக்கியம்: ஈரக் கையோட ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. குளிச்சு முடிச்சவங்க யாரும் மோட்டாரை நிறுத்தப் போகக் கூடாது, கரையில காஞ்ச செருப்போட ஒரு ஆள் இருக்கணும்.

வில்லியனூர்:
பாகூர்க்காரர் சொல்றது சரிதான், ஆனா தொட்டியில உட்காரணும்னே என்ன கட்டாயம்? திருகோணமலை கன்னியாவுல ஏழு கிணறு, பக்கத்துப் பக்கத்துல. ராவணன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்க உண்டாக்கினதுன்னு ஐதீகம். கிணத்துல யாரும் இறங்குறதில்ல, வாளியில மொண்டு ஊத்திக்கிறாங்க. ஒவ்வொண்ணும் ஒரு சூடு. ஒரு கிணத்துல மொண்டு தயக்கமில்லாம ஊத்திக்கிட்டவங்க, அடுத்ததுல மொண்டதும் வாளியக் கீழ வைக்கிறதைப் பார்க்கணும். பக்கத்துக் கிணறுதான்! மொண்டு குளிச்சா மூக்குல ஏறுற பயம் குறைவு, அடுத்தவங்க அழுக்கும் இல்ல. முந்திரித்தோப்புலயும் அதையே செய்யலாம்.

நெய்வேலி:
கன்னியாவோட நம்ம போரை ஒப்பிடாதீங்க. அது தானா ஊறுறது, இது மோட்டார் இறைக்கிறது. இமாச்சலத்து மணிகரண்ல குருத்வாராவுக்கு ஊற்றுலயே அரிசி வேகுது. அங்க குளிக்கிற குளத்துல பச்சைத் தண்ணி கலந்தாத்தான் கால் வைக்க முடியும். ஒவ்வொரு தண்ணிக்கும் குணம் வேற. மூடின கொட்டகையில வாடை இருந்தா ஜன்னலத் திறங்க, அந்த வாயு காத்தை விடக் கனம், தரையோட தங்கும். அதிகமானா மூக்கு மரத்துடும். வாடை நின்னுடுச்சேன்னு உள்ள போயிடாதீங்க.

முதுநகர்:
கொலுசு ஏன் கறுத்துச்சுன்னு சொன்னீங்க, அதை வெளுக்க வைக்க யாரும் வழி சொல்லல. பல்பொடி போட்டுத் தேய்க்காதீங்க, வெள்ளி தேயும். எவர்சில்வர் பாத்திரத்துல அலுமினியத் தாளைப் பளபளப்பு மேல இருக்கிற மாதிரி விரிச்சு, கொலுசு தாளைத் தொடுற மாதிரி வெச்சு, 2 மேசைக்கரண்டி ஆப்ப சோடா தூவி, 1 லிட்டர் கொதிக்கிற தண்ணி ஊத்துங்க. கல் பதிச்ச கொலுசு, எனாமல் போட்டது, இதுக்கு ஆகாது. சில நிமிஷத்துல வெளுக்கும். அப்ப அதே முட்டை வாடை லேசா வரும், பயப்படாதீங்க. தொட்டியில ஏறின கந்தகம்தான் இறங்குது.