மோதியவர் கார் கடைசியிலா, கைக்கு அருகில் இருப்பது முதலிலா? (4ஆம் விதி)

வெள்ளைத்தடம்:
தடத்தில் வெட்டிய பள்ளத்தில் (ஸ்லாட்டில்) ஓடும் நம் பொம்மைக் கார்களின் அடுத்த பந்தயத்துக்கான விதிகளைச் சுருக்கி எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பழையவைதான். 1/32 அளவுக் கார்கள், 12 வோல்ட், காந்தம் கிடையாது. ஆளுக்கு நான்கு ஹீட் (ஓட்டம்), நான்கு தடத்திலும் ஒவ்வொன்று, ஒரு ஹீட் 3 நிமிடம். ஓட்டி முடித்தவர் அடுத்த ஹீட்டுக்கு, வெளியே விழும் கார்களை எடுத்து வைக்கும் மார்ஷலாக நிற்க வேண்டும். பரிசோதனை முடிந்த கார் மேசையை விட்டு நகரக் கூடாது.

மாற்றியது 4ஆம் விதியை மட்டும்: ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்கள் ஸ்லாட்டை விட்டு வெளியே வந்தால், மார்ஷல் தன் கைக்கு அருகில் இருப்பதை முதலில் எடுத்து வைக்க வேண்டும். மோதப்பட்டவர் முதலில், மோதியவர் கடைசியில் என்று இதுவரை பழகிவந்தது யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவருக்குத்தான் லாபமாக முடிந்தது. மார்ஷல் நீதிபதி இல்லை.

மூன்றாம்வளைவு:
கடைசி இரண்டு வரியை மறுபடி மறுபடி படித்தேன். நிஜமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஒருவர் தன் பாட்டுக்குத் தன் தடத்தில் போய்க்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வளைவில் பிரேக் பிடிக்காமல் வந்து ஸ்லாட்டை விட்டுப் பறந்து அவரை அடித்துத் தூக்குகிறார். பறந்து வந்த கார் மார்ஷல் கைக்கு அருகில் விழுந்துவிட்டது. உடனே அது முதலில் கிளம்புமாம், அடிபட்ட கார் தலைகீழாகக் கிடந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்குமாம். இது விதியா, பரிசா?

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நம் டிராக்கில் ஒரு சுற்று ஏறக்குறைய 8 நொடி. ஒரு காரை எடுத்துத் திருப்பி, அதன் அடியில் நீட்டியிருக்கும் கைடை ஸ்லாட்டில் இறக்கி வைக்க 2 நொடி. ஆக, இரண்டாவதாக வைக்கப்படுகிறவருக்குக் கூடுதலாகக் கால் சுற்று நஷ்டம். டிராக்கை 20 செக்ஷனாகப் பிரித்திருக்கிறோம். கால் சுற்று என்றால் 5 செக்ஷன். போன பந்தயத்தில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் 2 செக்ஷனில் பிரிந்தன. இரண்டாம் இடம் யார் என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்த மாட்டேன். அவருக்கே தெரியும்.

மோதியவர் கார் கடைசியில். அவ்வளவுதான்.

வெள்ளைத்தடம்:
சுற்றி வளைக்க வேண்டாம், இரண்டாம் இடம் நான். மூன்றாம் இடம் நீங்கள். இந்த விவாதம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அருகில் கிடக்கும் காரை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் கை இரண்டு தடத்தைத் தாண்டி நீள வேண்டும். மற்ற இரண்டு கார்களும் அதே நேரத்தில் வளைவுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. மார்ஷல் மணிக்கட்டில் மோதி மூன்றாவது காரும் வெளியே. இது போன முறை நடந்ததா இல்லையா?

மூன்றாம்வளைவு:
நடந்தது. அன்றைக்கு மார்ஷலாக நின்றவர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் காரைத் துழாவிக்கொண்டிருந்தார். அதற்கு விதி என்ன செய்யும்? போனைப் பையில் வைத்தால் கை தானாக நீளும்.

நான் அந்த மூன்றாம் வளைவில் எத்தனை காலமாக நிற்கிறேன் என்பதை இங்கே பழைய ஆட்களைக் கேளுங்கள். எது மோதியது, எது மோதப்பட்டது என்று எனக்குக் கண்ணை மூடினாலும் சத்தத்திலேயே தெரியும்.

கணக்குப்பலகை:
சுற்றுகளை எண்ணி எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு வழி சொல்கிறேன். இரண்டு கார்களுக்கு மேல் வெளியே வந்தால் டிராக் கால் கொடுத்துவிடலாம். பவர் மொத்தமாக நிற்கும், கடிகாரமும் நிற்கும். எல்லா கார்களையும் வைத்த பிறகு மறுபடி பவர். எது முதலில் என்ற கேள்வியே எழாது.

மூன்றாம்வளைவு:
அருமை. மோதியவருக்கு ஒரு நொடிகூட நஷ்டம் இல்லை! இடித்துத் தள்ளு, டிராக் கால் கேள், ஓய்வெடு, கிளம்பு. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த நான்காவது ஆள் என்ன பாவம் செய்தார், அவருக்கும் பவர் நிற்க?

வெள்ளைத்தடம்:
இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரிதான், டிராக் கால் வேண்டாம். ஒரு கார் அடுத்தவர் ஸ்லாட்டில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டால், அல்லது கைக்கு எட்டாத இடத்தில் விழுந்துவிட்டால், அப்போது மட்டும்தான் டிராக் கால். ஆனால் இதை வைத்து 4ஆம் விதி தப்பு என்று ஆகிவிடாது.

புதியபிரெய்டு:
நான் புதிது, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். உள்தடத்தில் ஒரு கார் வளைவில் வால் வீசி வெளித்தடத்துக் காரைத் தட்டிவிடுகிறது. தட்டிய கார் ஸ்லாட்டிலேயே நிற்கிறது, போய்க்கொண்டே இருக்கிறது. தட்டப்பட்டது மட்டும் வெளியே. காந்தம் இல்லாத கார் என்றால் வால் வீசத்தானே செய்யும்? இதில் 'மோதியவர்' யார்? அவருக்கு என்ன ஆகும்?

மூன்றாம்வளைவு:
தம்பி, அது வேறு கதை, அப்புறம் பேசலாம். இப்போது பேச்சு, மோதியவர் கார் கடைசியில் வைக்கப்பட வேண்டுமா வேண்டாமா என்பதுதான்.

காந்தம்வேண்டும்:
இத்தனை தலைவலிக்கும் காரணம் காந்தத்தைப் பிடுங்கிப் போட்டதுதான். அடியில் ஒரு காந்தம் இருந்தால் வால் வீசாது, பறக்காது. வெளியே வந்தால்தானே எடுத்து வைக்க வேண்டும்? மார்ஷல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

மூன்றாம்வளைவு:
வந்துவிட்டார். ஐயா, நம் டிராக் மரத்தில் வெட்டியது, ஓடுவது செம்புப் பட்டையில். செம்பில் உங்கள் காந்தம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? வீட்டில் பிளாஸ்டிக் டிராக்கில் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓட்டிப் பழகிவிட்டு இங்கே வந்து தீர்ப்பு சொல்லக் கூடாது.

காந்தம்வேண்டும்:
செம்புப் பட்டைக்குப் பதிலாகக் காந்தம் பிடிக்கும் பிரெய்டு (பின்னிய கம்பிப் பட்டை) பதித்த மரத்தடங்களும் உண்டு என்பது 'சத்தத்திலேயே கண்டுபிடிக்கும்' ஆளுக்குத் தெரியாதது ஆச்சரியம்.

மூன்றாம்வளைவு:
உண்டு. நம்மிடம் இல்லை. இல்லாத டிராக்குக்கு விதி எழுதுவோமா? காந்தக் கார் வளைவில் ஒட்டிக்கொண்டே போகும், போகும், ஒரு கட்டத்தில் பிடி விட்டதும் அது பறக்கிற வேகத்தில் பக்கத்துச் சுவர் வரை போகும். அப்போதும் மார்ஷல் வேண்டும். அப்போதும் மோதியவர் கார் கடைசியில்தான்.

வெள்ளைத்தடம்:
பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒரு ஹீட்டில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். நான்கு பேரும் தங்கள் தடத்தின் நிறத்தைச் சொல்லிக் கத்துகிறார்கள். "மஞ்சள்! மஞ்சள்!" "நீலம்!" மார்ஷல் குனிகிறார். மஞ்சளைக் கையில் எடுத்தால், ஓட்டுகிறவர் கன்ட்ரோலரின் டிரிகரை விடவே இல்லை. கைடு ஸ்லாட்டில் இறங்கி, காரின் அடியிலுள்ள பிரெய்டு செம்பைத் தொட்ட மறு நொடி பின் சக்கரம் உறுமி, கார் விரலிடுக்கிலிருந்து நழுவி நீலத்தின் மேல் ஏறுகிறது. இப்போது மோதியவர் யார்? மஞ்சளா? மார்ஷலா? முதலில் தள்ளிவிட்ட நீலமா? அரை நொடியில் இந்த விசாரணையை முடிக்க வேண்டுமா?

மூன்றாம்வளைவு:
டிரிகரை விடாதவர்தான் மோதியவர். கேள்வியிலேயே பதிலை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்கள். கார் வெளியே வந்ததும் விரலை எடு என்பது முதல் நாள் சொல்லித்தருகிற பாடம்.

கணக்குப்பலகை:
இந்தச் சாக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் மஞ்சள் காரை நீலத் தடத்தில் வைத்துவிடுகிறார்கள். அது நீலத்தின் கன்ட்ரோலருக்கு ஓடுகிறது, சுற்றும் நீலத்தின் கணக்கில் ஏறுகிறது. பிறகு கூட்டிக் கழித்துத் திட்டு வாங்குவது நான். எது முதலில் என்பதைவிட எது எந்தத் தடம் என்பது முக்கியம். காரின் மேல் ஹீட்டுக்கு ஹீட் தடத்தின் நிற ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

வெள்ளைத்தடம்:
ஸ்டிக்கர் 7ஆம் விதியில் இருக்கிறது. 4 முடியட்டும்.

மூன்றாம்வளைவு:
4 முடிந்துவிட்டது. பழையபடி. இதற்கு மேல் என்ன பேச இருக்கிறது?

வெள்ளைத்தடம்:
யார் முடித்தது? விதிகளை எழுதச் சொல்லிப் பொறுப்பு கொடுத்தது என்னிடம்.

மூன்றாம்வளைவு:
எழுதத்தான் சொன்னார்கள், மாற்றச் சொல்லவில்லை. ஓட்டத் தெரியாதவர்கள் விதி எழுத உட்கார்ந்தால் இப்படித்தான். தன் கார் வாரம் தவறாமல் வெளியே விழுகிறது, ஆகவே விழுந்த காருக்குச் சாதகமாக ஒரு விதி! அடுத்து என்ன, ஓரத் தடம் ஓட்டினால் போனஸ் சுற்றா?

வெள்ளைத்தடம்:
வாரம் தவறாமல் விழுகிற கார்தான் உங்கள் காருக்கு 2 செக்ஷன் முன்னால் நின்றது. அதை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாம்வளைவு:
நின்றதா? ஹீட் முடிந்து பவர் போனபோது உங்கள் கார் ஸ்லாட்டில் இல்லை. ஐந்தாம் வளைவுக்கு வெளியே மல்லாந்து கிடந்தது. ஸ்லாட்டை விட்ட இடத்தைத்தான் செக்ஷனாக எழுத வேண்டும். பறந்து போய் விழுந்த இடத்தை எழுதினார்கள். 2 செக்ஷன் அங்கிருந்து வந்தது. கணக்குப்பலகை ஐயாவே சொல்லட்டும்.

கணக்குப்பலகை:
என்னை இழுக்க வேண்டாம். மார்ஷல் சொன்ன எண்ணை எழுதினேன். உருண்டு நிற்கும் காருக்கு நின்ற இடம், வெளியே கிடக்கும் காருக்கு ஸ்லாட்டை விட்ட இடம் என்று விதியில் எழுதிவையுங்கள் என்று நான் முன்பே கேட்டேன். அப்போது நீங்கள் இருவரும் டயரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாம்வளைவு:
டயர் சண்டையிலும் நான் சொன்னதுதான் சரி. ஹீட்டுக்கு ஹீட் ஒட்டும் நாடாவில் உருட்டித் தூசி எடுக்கலாம், திரவம் எதுவும் தொடக் கூடாது. ஒருவர் மட்டும் ஒரு சின்ன துணியை மடியில் வைத்துக்கொண்டு டயரைத் துடைக்கிறார், அந்த ஹீட்டில் மட்டும் அவர் கார் வளைவில் பசை தடவினாற்போல் போகிறது. துணியில் என்ன இருந்தது என்று இன்றுவரை பதில் இல்லை.

காந்தம்வேண்டும்:
அந்தத் துணி என்னுடையது. அதில் இருந்தது தண்ணீர். மோந்து பார்க்கக் கொடுத்தேனே, மறந்துவிட்டதா?

மூன்றாம்வளைவு:
மோந்து பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டது. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் காயாது.

புதியபிரெய்டு:
என் வால் வீசும் கேள்விக்கு யாராவது பதில் சொல்ல முடியுமா? போன முறை எனக்கு அதுதான் நடந்தது. தட்டியவர் போய்விட்டார், நான் மட்டும் கிடந்தேன். என்னை எடுத்து வைப்பதற்குள் அவர் இன்னொரு சுற்று வந்து என் காரின் மேலேயே ஏறினார். இரண்டு காரும் வெளியே. மார்ஷல் அவரை முதலில் வைத்தார்.

வெள்ளைத்தடம்:
அருகில் இருந்தால் வைத்திருப்பார். 4ஆம் விதிப்படி சரி.

மூன்றாம்வளைவு:
பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன்! மோதியவர் கார் கடைசியில் என்றிருந்தால் இவருக்கு இந்த அநியாயம் நடந்திருக்காது.

புதியபிரெய்டு:
ஆனால் அவர் இரண்டாவது முறை வந்தபோது தன் தடத்தில்தானே வந்தார்? குறுக்கே கிடந்தது என் கார். அப்படிப் பார்த்தால் மோதியவர் அவரா, நானா?

மூன்றாம்வளைவு:
தம்பி, நீங்கள் யார் பக்கம்?

வெள்ளைத்தடம்:
கேள்வி நியாயமானது. 'மோதியவர்' என்றால் யார் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள், பழைய விதியை நானே திருப்பி வைக்கிறேன்.

மூன்றாம்வளைவு:
அதெல்லாம் எழுதித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. டிராக் அருகே நின்றவனுக்குத் தெரியும். 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வந்த காலத்திலிருந்து மனிதர்கள் இந்தக் காரை ஓட்டுகிறார்கள், இடிபட்டவனை முதலில் தூக்குவது நாகரிகம் என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக நமக்குத்தான் அகராதி தேவைப்படுகிறது.

காந்தம்வேண்டும்:
1957இல் நீங்கள் மார்ஷலா?

மூன்றாம்வளைவு:
துணிக்காரர் சும்மா இருக்கலாம்.

கணக்குப்பலகை:
பரிசோதனைக்கு யார் உட்காருவது என்று இன்னும் முடிவாகவில்லை. தராசும் உயரம் பார்க்கும் கட்டையும் என்னிடம் இருக்கின்றன, ஆனால் நான் எண்ணவும் வேண்டும், எடை போடவும் வேண்டும் என்றால் முடியாது.

மூன்றாம்வளைவு:
நான் உட்காருகிறேன். குறிப்பாக இரண்டு கார்களைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைத்தடம்:
உங்கள் காரை யார் பார்ப்பது? அதன் உடல் அகலத்தைத் தாண்டிப் பின் டயர் வெளியே தெரிகிறது என்று போன முறையே இரண்டு பேர் சொன்னார்கள்.

மூன்றாம்வளைவு:
ஒருவர் சொன்னார். அவரும் என்னிடம் தோற்றவர். அளந்து காட்டட்டும், அந்த இடத்திலேயே காரைப் பெட்டியில் வைக்கிறேன். 4ஆம் விதி பழையபடி திரும்பி வரும் வரை மூன்றாம் வளைவில் மார்ஷலாக நான் நிற்க மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்.

வெள்ளைத்தடம்:
மார்ஷல் நிற்காதவருக்கு அந்த ஹீட்டிலிருந்து 5 சுற்று கழிக்கப்படும். 3ஆம் விதி. அதை நான் மாற்றவில்லை, நீங்கள் எழுதியதுதான்.

மூன்றாம்வளைவு:
நான் எழுதியது தாமதமாக வருகிறவர்களுக்கு. இடிபட்டவனுக்கு நீதி கேட்டு நிற்காதவனுக்கு அது பொருந்தாது. கழித்துப் பாருங்கள்.

கணக்குப்பலகை:
எண்ணும் பலகையையே நான் கொண்டு வராமல் இருக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வெள்ளைத்தடம்:
ஐயா, நீங்களுமா?