தலவாக்கலை ஓடையில மீன்குஞ்சு விடலாமா?

ஓடைக்கரையான்:
போன ஞாயிறு தலவாக்கலை கடைவீதிக்குப் பின்னால ஓடுற ஓடையில சிரமதானம் செஞ்சோம். நாப்பது உரபேக் நெறய பொலித்தீன், ஒரு பழைய கட்டில் வேற! அடுத்த மாசம் திலாப்பியா குஞ்சு விடப் போறோம். மீன் துள்ளுறதப் பாத்தா குப்பை போட சனத்துக்குக் கை வராது. ஆளுக்கு நூறு ரூபா குடுங்க.

பீலியடி:
அண்ணே, சிரமதானத்துக்கு ஒரு கும்பிடு. ஆனா திலாப்பியா வேணாம். 1952ல வெளியில இருந்து இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மீன் அது. நம்ம குளுர் தண்ணியில சரியா வளராது. பொழச்சாலும் கீழ மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இன்னொண்ணு. நீங்க போட்ட படத்துல மண் தோண்டுற பெக்கோ மெசின் நிக்குது. ஓடையில கெடந்த கல்லையெல்லாம் அள்ளிக் கரையில கொட்டிட்டீங்க. சின்னப்பிள்ளையில பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போறப்ப பக்கத்து ஓடையில கல்லைப் பொரட்டுவோம். அடியில வெரல் நீளத்துல ஒரு மீன், தாடைக்குக் கீழ இருக்குற வட்டத்தால கல்லைக் கவ்விக்கிட்டு இருக்கும். கையில எடுத்தா உள்ளங்கையிலயும் ஒட்டும், கூசும். கல்லுல படியுற பாசிதான் அதுக்குச் சோறு. கல்லை எடுத்துட்டு மீன் விடுறது, வீட்டை இடிச்சிட்டு விருந்தாளியக் கூப்பிடுற மாதிரி.

கடைவீதி:
மீன் கதை நல்லாத்தான் இருக்கு. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப என் கடையில மா மூட்டை அத்தனையும் போச்சு. கல்லு கெடந்தா தண்ணி தேங்கும். ரெண்டு பக்கமும் சீமெந்துச் சுவர் கட்டணும், அவ்வளவுதான். அசிங்கமும் மேல தோட்டத்து லய வீடுங்கள்ல இருந்துதான் வருது.

மூனாம்நம்பர்:
லயத்த இழுக்காதீங்க மொதலாளி. கக்கூஸ் குழி நெறஞ்சா தோட்டத்துல கேட்டா சபையக் காட்டுறாங்க, சபையில கேட்டா தோட்டத்தக் காட்டுறாங்க. 1987ல வந்த பிரதேச சபைச் சட்டப்படி சபை தோட்டத்துக்குள்ள செலவு பண்ண முடியல. 2018லதான் திருத்தினாங்க. அதுக்குப் பொறவும் எங்க குழி அப்படியேதான் கெடக்கு. சிரமதானத்துக்கு நானும் வந்தேன். கடைங்களுக்குப் பின்னால ஒரு பைப், எண்ணெய்த் தண்ணி வெள்ளை நுரையா ஊத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்குக் கீழ நின்னுதான் நாங்க பொலித்தீன் பொறுக்கினோம்.

கடைவீதி:
என் கடைத் தண்ணி குழிக்குப் போகுது. பக்கத்துக் கடைக்கு நான் பொறுப்பில்ல.

பீலியடி:
யார் பைப்பா இருந்தாலும் சரி. எண்ணெயும் சோத்துத் தண்ணியும் விழுந்தா, அதத் தின்னுற கிருமி தண்ணியில இருக்குற ஒக்சிசன இழுத்துரும். குஞ்சு செத்து மிதக்கும். முதல்ல அந்த பைப்புக்கு எண்ணெய் பிடிக்கிற தொட்டி வைக்கணும்.

சுவர் பத்தி: கண்டி டவுனுக்குள்ள ஓடுற மெத எல கால்வாயப் போய்ப் பாருங்க, ரெண்டு பக்கமும் சுவர்தான். நேரா வெட்டினா வெள்ளம் வேகம் எடுத்துக் கீழ இருக்குறவன் வீட்டுக்குப் போகும். கரை சரியுற எடத்துல மட்டும் கம்பி வலைக்குள்ள கல் அடுக்கலாம். அடியில மண்ணும் கல்லும் அப்படியே கெடக்கட்டும்.

ஓடைக்கரையான்:
தங்கச்சி, குஞ்சுக்கு முற்பணம் குடுத்தாச்சே. கேட்டுப் பாக்குறேன், திருப்பித் தருவாங்களோ என்னமோ. பெக்கோ எடுத்தது என் தப்புதான், ஒரு நாள் வாடகையில வேலை முடியும்னு நெனச்சேன்.

மூனாம்நம்பர்:
கல்லைத் திருப்பிப் போடுறதுன்னா ஞாயிறு நாலு பேர் கூட்டிட்டு வாறேன். கையாலயே போடலாம்.

கடைவீதி:
என் கடைக்குப் பின்னால ஒரு கல்லு விழுந்தாலும் சபையில மனு குடுப்பேன். சொல்லிட்டேன்.