விண்டோலாண்டா கோட்டையில் ஒரு பகல்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதிக்குச் சென்றிருந்தபோது, ரோமப் பேரரசின் வட எல்லையில் எழுந்த ஹேட்ரியன் மதிலை ஒட்டிய ரோமானியக் கோட்டைகளில் ஒன்றையாவது நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்று விண்டோலாண்டாவுக்குப் போனேன். மதிலைக் கட்டத் தொடங்கியது கி.பி. 122இல். அதற்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலுள்ள இந்தக் கோட்டையோ கி.பி. 85ஐ ஒட்டியே எழுந்துவிட்டது.

இன்று கண்ணுக்குத் தெரியும் கற்சுவர்கள் பிற்காலத்தவை. பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. அவற்றின் அடியில் மரக்கோட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் புதைந்துள்ளன. ஒரு படைப்பிரிவு இடம் மாறும்போது பழைய கட்டடங்களை இடித்துவிடுவார்கள்; அடுத்து வருபவர்கள் களிமண்ணையும் புல்கட்டிகளையும் பரப்பி, அதன் மேல் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள். அப்படி மூடப்பட்ட ஈரமண்ணுக்குள் காற்று நுழையாததால்தான் மரமும் தோலும் துணியும் மட்காமல் தப்பின.

கோடைக்காலமாதலால் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. குழிக்குள் மண்டியிட்டுக் கொத்துக்கரண்டியால் கரிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், தரையில் பரப்பிய பெரணி இலைகள் சில வேளைகளில் பச்சை நிறத்தோடே வெளிப்படும் என்றும், காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிவிடும் என்றும் சொன்னார். ஏறத்தாழ 1900 ஆண்டுகள் காத்த பச்சை கண்ணெதிரே போய்விடுவதை நினைத்து அங்கேயே சற்று நேரம் நின்றுவிட்டேன்.

அருங்காட்சியகத்தில் நெடுநேரம் நின்றது காலணிகளின் முன்னால்தான். இங்கே கிடைத்தவை ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெண்களுடையவையும் உண்டு, உள்ளங்கையில் அடங்கும் குழந்தைக் காலணிகளும் உண்டு. எல்லைக்கோட்டை என்றால் வாளும் கேடயமும் மட்டுமே என்று எண்ணியிருந்த எனக்கு, இது குடும்பங்கள் வாழ்ந்த ஊர் என்பது அப்போதுதான் உறைத்தது.

1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி கண்டெடுத்த எழுத்துப் பலகைகளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பலகை என்றாலும் அஞ்சலட்டை அளவுள்ள மெல்லிய மரச்சீவல்தான். நம் ஓலைச்சுவடிகளைப் போல எழுத்தாணியால் கீறாமல், கரிமையால் எழுதி இரண்டாக மடித்திருக்கிறார்கள். மண்ணிலிருந்து எடுத்ததும் மங்கிப்போன எழுத்து, அகச்சிவப்பு ஒளிப்படத்தில் மீண்டும் தெரிந்தது. ஒரு பலகை, யாரோ ஒருவருக்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பியதைச் சொல்கிறது. இன்னொன்றில், காம்பாக்ஸ் என்ற வீரர் மிளகுக்காகத் தர வேண்டிய இரண்டு தினாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக்காசுகள் கணக்கில் உள்ளன. ரோமானியர் கையில் புழங்கிய மிளகு முசிறி போன்ற சேரநாட்டுத் துறைகளிலிருந்து கப்பலேறியது என்பதை அறிந்த நமக்கு, அந்த ஒரு வரியைக் கடந்துபோக மனம் வராது.

பலகைகளில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பதால், அடுத்த வாரம் அங்கேயும் போனேன். கி.பி. 100ஐ ஒட்டி, கிளாடியா செவெரா என்ற பெண்மணி, விண்டோலாண்டாவில் ஒன்பதாம் படாவியப் படைப்பிரிவின் தலைவராக இருந்த செரியாலிசின் மனைவி சுல்பிசியா லெபிடினாவுக்கு அனுப்பிய கடிதத்தைத் தேடித்தான் போனேன். செப்டம்பர் 11 தன் பிறந்தநாள் என்றும், லெபிடினா வந்தால் அந்த நாள் இன்னும் இனிதாகும் என்றும் அழைக்கிறார். கடிதத்தின் பெரும்பகுதி எழுத்தரின் தேர்ந்த, ஒழுங்கான கையெழுத்து. வலப்புறம் கீழே மட்டும், சற்றுத் தட்டுத்தடுமாறும் வேறொரு கை, சகோதரி என்றும் உயிரே என்றும் விளித்து விடைபெறுகிறது. அது செவெராவே எழுதியது. பெண்ணொருவர் தன் கைப்பட இலத்தீனில் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். அந்தச் சில வரிகளை, கண்ணாடியில் நெற்றி படும்வரை குனிந்து பார்த்தேன்.