இயற்கணிதக் கோவை என்றால் கோயமுத்தூரா?

பெருந்துறையிலிருந்து:
தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள், ஏழாவது படிக்கிறாள். கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "ஏனுங் மாமா, இயற்கணிதக் கோவைன்னு போட்டிருக்குது, அது கோயமுத்தூர்ல எங்கீங் இருக்குது?" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, நானும் அந்தச் சொல்லைப் பரீட்சைக்கு உருப்போட்டேனே தவிர என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கோப்பது, அதிலிருந்துதான் கோவை. பாசிமணியை நூலில் கோக்கிற மாதிரி உறுப்புகளைக் கூட்டல், கழித்தல் குறிகளால் கோத்தது. அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை, அதனால் தேங்காய்க்கு வந்தேன். காய் ஒன்று எக்ஸ் ரூபாய், 12 காய் வாங்கினோம், ஆட்டோ வாடகை 40, எல்லாம் சேர்த்து 12எக்ஸ் + 40. இதுதான் கோவை, 12எக்ஸ் ஒரு உறுப்பு, 40 இன்னொரு உறுப்பு. காய் விலை சந்தைக்குச் சந்தை மாறும், அதனால் எக்ஸ் மாறி. வாடகை எத்தனை காய் ஏற்றினாலும் அதே 40, அது மாறிலி. எக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் 12 கெழு. கெழுதகை நண்பர் என்பார்களே, அந்தக் கெழுதான் இது என்று எனக்குப் படுகிறது.

மொத்தம் 280 ரூபாய் ஆச்சு என்று சொன்ன பிறகுதான் நடுவில் சமக்குறி வருகிறது, கோவை சமன்பாடு ஆகிறது. இரண்டு பக்கமும் 40-ஐ எடுத்தாள், 12-ஆல் வகுத்தாள், காய் 20 ரூபாய். "நம்மூர்ல இந்த வெலைக்குக் கெடைக்காதுங் மாமா" என்றாள், அது வேறு கதை.

கோபியிலிருந்து:
எங்கள் வீட்டில் 3எக்ஸ் + 5 என்பதை 8எக்ஸ் என்று எழுதி, கூடவே = 0 என்றும் போட்டு வைத்திருந்தான் பையன். "மூணு வாழைத்தாரும் அஞ்சு ரூபாயும் சேந்தா எட்டு வாழைத்தாரா கண்ணு?" என்று கேட்டேன், அழித்துவிட்டான். ஆனால் அந்த = 0 எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. மாறிலியை வேறு "மாரி எலி" என்று வாசிக்கிறான்.

பல்லடத்திலிருந்து:
வாழைத்தார் உதாரணத்தில் ஒரு சிக்கல் இருக்குங்க. எக்ஸ் வாழைத்தார் இல்லை, ஒரு எண். பெருந்துறைக்காரர் சொன்ன மாதிரி விலை என்றால் சரி. நான் டியூஷன் எடுக்கிறேன், ஆரம்பத்தில் பொருளாகவே நினைத்துப் பழகிய பிள்ளைகள் எக்ஸை எக்ஸால் பெருக்கச் சொன்னதும் வாழைத்தாரை வாழைத்தாரால் எப்படிப் பெருக்குவது என்று முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்பதையும் நான் இப்போது சொல்லித் தருவதில்லை. சமன்பாடு ஒரு தராசு, இரண்டு தட்டிலும் ஒரே எடையை எடு என்றால் போதும்.

ஒன்று சொன்னால் மட்டும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இயற்கணிதத்தின் ஆங்கிலப் பேரான அல்ஜீப்ரா, 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள அல்-ஜப்ர் என்ற சொல்லிலிருந்து வந்தது, மீட்டுச் சேர்ப்பது என்று அர்த்தம். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அந்தச் சொல்தான். சமக்குறி ரொம்பப் பிந்தியது, 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் போட்டது. இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறில்லை என்று காரணமும் எழுதி வைத்தார்.

பெருந்துறையிலிருந்து:
எலும்புக் கதையைச் சொல்வதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன், முன்னால் கோவை என்று போர்டு. ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, இதுல எத்தன உறுப்புங்?" என்றாள்.