பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் நிலா: ஆப் கணக்கு எங்கே தவறுகிறது

சூரியனும் நிலாவும் எப்போது எங்கே வரும் என்று கணக்கிடும் போட்டோபில்ஸ் ஆப்பை வாங்கியவர்களில் பலர் நிலா எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். காசு கொடுத்த ஆப்பின் அசல் பலன் பிளானர் பக்கத்தில் உள்ள ‘ஃபைண்ட்’ பட்டனில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலை வைத்தே சொல்கிறேன்.

விமானத்தின் உயரம் 216 அடி, கிட்டத்தட்ட 66 மீட்டர். வானத்தில் நிலா அடைக்கும் இடம் அரை டிகிரிதான். அதனால் எந்தக் கட்டடமானாலும் அதன் உயரத்தைப் போல 110 மடங்கு தூரம் தள்ளி நின்றால் நிலாவும் கட்டடமும் ஒரே அளவில் தெரியும். இங்கே அது 7.2 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் விமானத்தின் உச்சியே அடிவானத்துக்கு அரை டிகிரி மேலேதான் இருக்கும். அந்தத் தாழ்வில் நிலா புழுதியிலும் ஈரப்பதத்திலும் மங்கிப்போய், பல நாள் கண்ணுக்கே படாது. 1.6 கிலோமீட்டர் நல்ல தூரம். உச்சி 2.4 டிகிரியில் நிற்கும், நிலா 14.5 மீட்டர் அகலத்தை மூடும். 400 எம்.எம். லென்ஸில் ஃபுல் ஃபிரேம் (36 x 24 மில்லிமீட்டர்) சென்சார் மேல் விமானம் 16.5 மில்லிமீட்டர் உயரமும் நிலா 3.6 மில்லிமீட்டர் விட்டமும் வரும். லென்ஸின் எம்.எம். எண்ணை 110ஆல் வகுத்தால் நிலாவின் அளவு கிடைத்துவிடும்.

இனி ஆப்பில். சிவப்பு ஊசியை நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் வையுங்கள். கறுப்பு ஊசியை விமானத்தின் நடுவில், சாட்டிலைட் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, வையுங்கள். அதன் உயரத்துக்கு 66 மீட்டர் கொடுங்கள். இரண்டு ஊசிக்கும் இடையே உள்ள அசிமுத்தும் (வடக்கிலிருந்து அளக்கும் திசைக் கோணம்) உயரக் கோணமும் மேலே தெரியும். அந்த இரண்டு எண்களையும் ஃபைண்டில் நிலாவுக்குக் கொடுத்து, ஒரு வருடத் தேதி வரம்பு வைத்தால் நாளும் நிமிடமும் பட்டியலாக வரும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். வரைபடத்தில் தெரியும் நிலா உதயக் கோட்டை விமானத்தின் மேல் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் கோடு அடிவானத்தில் இருக்கும் நிலாவுக்கு உரியது. தஞ்சாவூரில் நிலா செங்குத்தாக ஏறுவதில்லை. 11 டிகிரி அளவுக்குத் தெற்கே சாய்ந்து ஏறும். 2.4 டிகிரி உயரத்தை எட்டுவதற்குள் ஏறக்குறைய தன் அகலம் முழுவதும் வலது பக்கம் தள்ளிப்போயிருக்கும். 1.6 கிலோமீட்டரில் அது 13 மீட்டர். கலசத்துக்கு நேர் பின்னால் இருக்க வேண்டிய நிலா பக்கத்தில் தொங்கும்.

*

சாய்வுக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் போதாது. அதற்கும் முன்னால் தடுக்கிவிடுவது தென்னை. ஆப்புக்கு நிலத்தின் மேடு பள்ளம் தெரியும், மரம் தெரியாது. உங்களுக்கு 200 மீட்டர் முன்னால் 18 மீட்டர் உயரத் தோப்பு ஒன்று இருந்தால் அது 5 டிகிரியை மறைக்கும், 2.4 டிகிரியில் இருக்கும் கலசம் தெரியவே தெரியாது. டெல்டாவின் சமவெளியில் இதுதான் முதல் பிரச்சினை. முந்தின நாள் பகலிலேயே அந்த இடத்துக்குப் போய் விமானம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கேயே ஜி.பி.எஸ். புள்ளியைச் சேமித்து, சிவப்பு ஊசியை அதற்கு மாற்றி, ஃபைண்டை மறுபடி ஓட்டுங்கள். வரைபடத்தில் பிடித்த இடம் களத்தில் நிற்க முடியாத வயலாக இருப்பது சகஜம்.

கேமராக் காட்சியின் மேலேயே நிலாவின் பாதையை வரைந்து காட்டும் ஏ.ஆர். திரையை நம்பி நிற்கும் இடத்தை முடிவு செய்யாதீர்கள். போன் காம்பஸ் 5 டிகிரி பிசகுவது சாதாரணம். 1.6 கிலோமீட்டரில் 5 டிகிரி என்றால் 140 மீட்டர் தவறு. காந்த மூடி போட்ட கவர், கார் ஹோல்டருக்காகப் போன் முதுகில் ஒட்டும் இரும்புத் தகடு, பைக் டேங்க் மேல் வைத்துப் பார்ப்பது எல்லாம் இன்னும் கெடுக்கும். கவரைக் கழற்றி, போனை எட்டு வடிவில் நாலைந்து முறை சுழற்றினால் ஓரளவு சீராகும். ஏ.ஆர். எதற்கு நல்லது என்றால், நிலா எந்த மரத்துக்கு மேல், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் வரும் என்று தோராயமாகப் பார்ப்பதற்கு. இடத்தை ஊசி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஊசியே 15 மீட்டர் தள்ளிப்போனால் ஒரு நிலா அகலம் தவறும்.

நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் வரைபடம் வெறும் கட்டமாக நிற்கும். கிளம்பும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

*

எந்த நாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது. அதனால் மார்கழியில் கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும், ஆனியில் தெற்கே தள்ளி. நேர் கிழக்கை ஒட்டி வேண்டுமானால் பங்குனி, புரட்டாசிப் பௌர்ணமிகளைப் பாருங்கள். ஃபைண்ட் நாற்பது தேதி காட்டினாலும் பௌர்ணமியையும் அதற்கு முந்தின நாளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். நிலா நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. முந்தின நாள் விமானத்தில் வெயில் இருக்கும்போதே வெளிறிய நிலா ஏறிவிடும். பௌர்ணமிக்கு மறுநாள் நிலா வரும்போது வானம் கறுத்துவிடும். நம் ஊர் அந்தியின் பயனுள்ள வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நிலா தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடம் எடுத்துக்கொள்ளும். கலசம் நிலாவின் நடுவில் நிற்கும் கணம் அதிலும் சிறியது.

400 எம்.எம்.மில் கால் நொடிக்கு மேல் ஷட்டர் திறந்தால் நிலா ஒரு பிக்சலாவது நகர்ந்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏற்றுவது மேல்.

கோயில் கிழக்கு பார்த்தது. உதயத்துக்கு மேற்கே நிற்பதால் நந்தி மண்டபமும் இரண்டு கோபுரங்களும் பின்னால் மறைந்து விமானம் தனியாக நிற்கும். அஸ்தமனத்துக்குக் கிழக்கே போனால் எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கி வரும். சதுர விமானம் என்பதால் இரண்டு பக்கமும் அழகு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை இப்படி எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 236 அடி இருந்தாலும் அது தெற்கு பார்த்தது. மேற்கிலிருந்து ஒடுங்கிய பக்கவாட்டுத்தான் தெரியும்.

*

போனிலேயே எடுப்பவர்களுக்கு: இருட்டு மண்டபத்திலிருந்து வெயில் முற்றத்தைப் பார்க்கும் ஃபிரேமுக்கு ஓப்பன் கேமரா என்ற ஆண்ட்ராய்டு ஆப் போதும், இலவசம். செட்டிங்ஸில் கேமரா ஏ.பி.ஐ.யை ‘கேமரா2’ என்று மாற்றினால்தான் ரா (சென்சார் பதிவு செய்த அசல் கோப்பு), பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுப்பது) எல்லாம் மெனுவில் வரும். மாற்றியும் ரா வரவில்லையென்றால் போன் கம்பெனி அதைத் திறந்துவிடவில்லை என்று பொருள். வேறு ஆப் போட்டும் பயனில்லை. மூன்று படம், 2 ஸ்டாப் (வெளிச்சத்தில் நாலு மடங்கு) இடைவெளி வைத்துத் தூணில் முதுகைச் சாய்த்து எடுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயிலில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும்.

லைட்ரூம் ஆப்பில் உள்ள கேமராவில் எடுத்தவை முதலில் ஆப்புக்குள்ளேதான் கிடக்கும், கேலரியில் தேடிப் பயனில்லை. சிங்க் ஆகாத நிலையில் ஆப்பை அழித்தால் படமும் போய்விடும். ஏற்றுமதி செய்த பிறகே இடம் காலி செய்யுங்கள்.

*

கீழிருந்து எடுத்த விமானம் பின்னால் சாய்வதை ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பின் பெர்ஸ்பெக்டிவ் நிமிர்த்தும். எடுக்கும்போதே கலசத்துக்கு மேல் கால் பங்கு வானம் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்தும்போது கலசம் வெட்டுப்படும். அதில் காலி மூலைகளை ‘ஸ்மார்ட்’ தானே நிரப்புகிறது. வானத்துக்குப் பரவாயில்லை. சிற்பம் உள்ள ஓரத்தில் பாதி யாளியை இழுத்து ஒட்டி வைத்துவிடும்; சோழன் செதுக்காத யாளி அது. கறுப்பு நிரப்புதலுக்கு மாற்றி, பிறகு கிராப் செய்யுங்கள். நுண் விவரங்களைத் தூக்கிக் காட்டும் ஸ்ட்ரக்சரை 30க்கு மேல் தள்ளினால் கலசத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போட்டால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். டாக்குமென்டாக இணைத்தால் அசல் அப்படியே போகும். கூடவே ஜி.பி.எஸ். விவரமும் போகும், வீட்டில் எடுத்த படமாக இருந்தால் கேலரியில் இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.