கூடைப்பந்து அணியான ஸ்பர்ஸுக்கு இன்னொரு கார்டு (guard) தேவைதானா?

கேள்வி (கே.கே. நகர், மதுரை):
அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் 2025 டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் இரண்டாவது தேர்வாக டிலன் ஹார்ப்பரை எடுத்ததை வியாழன் விடியற்காலையில் நேரலையில் பார்த்துப் பூரித்துப்போனேன். ஆயினும் அணியில் ஃபாக்ஸ், காசில் என இரு கார்டுகள் (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் வீரர்கள்) இருக்கையில், இவருக்கு ஆடும் நேரம் கிடைக்குமா?

பதில் (திருமங்கலம்):
கிடைக்கும், நண்பரே. இடக்கையரான ஹார்ப்பர், தடுப்பவரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டே வளையத்தின் அடிவரை புகுந்துவிடுவார். அவரை மறிக்க எதிரணி உள்ளே குவியும்போது, ஸ்பர்ஸின் நெடிய நட்சத்திர வீரர் வெம்பன்யாமாவுக்கு வெளியே இடம் திறக்கும். தந்தை ரான் ஹார்ப்பர் ஐந்து முறை என்.பி.ஏ. சாம்பியன் அல்லவா, ஆட்டம் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது.

பதில் (மேலூர்):
எனக்கு உறுத்துவது மூன்று புள்ளி எறிதல்தான். காசில் 2025இல் சிறந்த புதுமுக விருது பெற்றவரே எனினும், தொலைவிலிருந்து அவரது குறி இன்னும் தேறவில்லை. அவரை வெளியே விட்டுவிட்டு எதிரணி உள்ளே குவிந்தால், உடன் ஆடும் ஹார்ப்பருக்குப் புக இடமிருக்காது.

கேள்வி கேட்டவர்:
அப்படியெனில் முதல் ஆண்டில் ஹார்ப்பரை மாற்று வீரராக இறக்குவதே நல்லது.